தார்ப்பாய் போடாத லாரி

சர்வேசுரன் படைத்த மனிதரில் கூரையோடு ஜென்மப் பகை வைத்துக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் என் மனைவியின் அண்ணன். இதை எந்தச் சுவாமியார் முன்னால் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். கோர்ட்டுக் கூண்டில் ஏறிக்கூடச் சொல்வேன். அவரை ஏறச் சொன்னால்தான் ஏறமாட்டார், கோர்ட்டுக்கும் மேலே ஓடு வேய்ந்திருக்கிறார்களே.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து கீழே போளூர் மண்டி வரைக்கும் அவர் 'வெட்டவெளி'. மரியாதை தெரிந்தவர்கள் 'வெட்டவெளியார்' என்பார்கள். நான் மச்சான் என்பேன். மனசுக்குள் வேறு பெயர்களும் வைத்திருந்தேன். அவற்றைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தொலைத்தாயிற்று, இங்கே எழுதக்கூடாது.

தூங்குவது பாறை மேல். சாப்பிடுவது முற்றத்தில். மழை வந்தால் எழுந்து உள்ளே வருவார் என்று நினைக்கிறீர்களா? தட்டோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார். ரசம் மட்டும் குறையவே குறையாது. அவர் குடிக்கக் குடிக்க மேலேயிருந்து நிரம்பிக்கொண்டே இருக்கும்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாண்ணா?" என்று என் மனைவி லூர்து நிலைப்படியில் நின்று கேட்பாள்.

"வாணாம்மா, அது பாட்டுக்கு வந்துனே கீது" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துக் கோயிலுக்குப் பூசை காண இறங்குவோம். எல்லோரும் உள்ளே போவோம். அவர் மட்டும் வாசலுக்கு வெளியே கொடிமரத்துப் பக்கத்தில் நின்றுகொள்வார். வெயிலானாலும் மழையானாலும் அதே இடம். அந்த இடத்தில் புல் முளைக்காது. பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் முழங்கால் போட மாட்டார் என்பதால் சுவாமியார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. மச்சானுக்கோ மெதுவாகப் பேச வராது. ஆகவே அவருடைய பாவங்கள் அத்தனையும் ஊருக்கே தெரியும். ஏதாவது பெரிதாக வரும் என்று காத்திருக்கிற பெண்பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் ஏமாந்துபோவார்கள். பாதிப் பாவம் என்னைத் திட்டினதாகவே இருக்கும். திட்டினதை அங்கே திரும்ப ஒருமுறை முழுசாகச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு நான் கோயிலுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கலியாணம் ஒன்று கூடி வந்தது. பெண் வீடு கண்ணமங்கலத்துப் பக்கம், நல்ல குடும்பம். தாலியைக் கொடிமரத்தடியில்தான் கட்டுவேன் என்றார். அப்படியெல்லாம் கட்டச் சட்டம் இல்லை என்று சுவாமியார் சொல்லிவிட்டார். "அப்ப வுடுங்க சாமி, அந்தப் பொண்ணாவது வூட்டுக்குள்ள நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "எதுக்கு மச்சான் இந்தப் பிடிவாதம்?"

"கூரை இருந்தா மேல இன்னா நடக்குதுன்னு எப்டி மாப்ள தெரியும்?"

"மேல இன்னா நடக்கப் போவுது?"

"அதத்தான் பாத்துனு கீறேன்."

இவரோடு பேசி யார் ஜெயிக்க முடியும்? இதுவரைக்கும் உள்ளதை நான் மன்னித்துவிடுவேன். அவர் உடம்பு, அவர் மழை. ஆனால் வண்டி விஷயத்தில் அவர் செய்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது மடல் சூடாகிவிடுகிறது.

எங்களுக்குப் புளி வியாபாரம். மலைக்காரர்கள் கொண்டுவருகிற புளி, சாமை, கடுக்காய், தேன் எல்லாம் எங்கள் கொட்டகையில் வாங்கிப் போளூர் மண்டியில் போடுவோம். கொட்டகையை ஒட்டியே வீடு. அங்கேயிருந்து ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாக இறங்கினால் மொட்டைப்பாறை வரும். காட்டிலாகா போட்ட மண்பாதை அந்தப் பாறையோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே மாட்டுவண்டி. உலகச் சண்டை முடிந்த சமயம் என் மாமனார் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "மாட்ட வித்துட்டு மோட்டார் ஒண்ணு வாங்குங்க. ரெண்டு பேரும் சண்டை போடாம வாங்குங்க." மாட்டை விற்றோம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், அப்போதுதான் என் கோபத்தின் நியாயம் உங்களுக்குப் புரியும். எங்கள் முதல் குழந்தை தங்கவில்லை. வலி கண்டு, மலையிறங்கி, பாறையிலிருந்து கட்டைவண்டியில் போளூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதையெல்லாம் பள்ளம். சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் விழும்போது லூர்து என் கையைப் பிடித்து நெரிப்பாள். கடைசிப் பள்ளத்துக்குப் பிறகு அவள் பிடிக்கவில்லை. அவளைப் பிழைக்க வைத்துக் கொடுத்தார்கள். பிள்ளையைப் பிழைக்க வைத்துக் கொடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் தேவமாதாவிடம் வேறு எதுவும் கேட்டதில்லை. அடுத்த தடவை இவள் மெத்தை தைத்த சீட்டில் சாய்ந்துகொண்டு, தலைக்கு மேல் கூரையோடு, உடம்பு அதிராமல் போய்ச்சேர வேண்டும். அவ்வளவுதான். மாமனார் மோட்டார் வாங்கச் சொன்னபோது லூர்து மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

பட்டாளத்தார் வேண்டாமென்று கழித்த வண்டிகளை வேலூரில் ஒரு மைதானத்தில் நிறுத்தி ஏலம் விட்டார்கள். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டப் பழகியிருந்த மச்சானையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே பார்க்கப் போனேன். எங்கள் கைக்கு எட்டுகிறதாக இரண்டு வண்டி நின்றது. ஒன்று அதிகாரிகள் போய்வந்த மூடு வேன். நான்கு கதவு, கண்ணாடி ஜன்னல், மெத்தை சீட்டு, காட்டுப் பாதையில் ஏறுகிற தாட்டியான சக்கரம். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்ளத் தோன்றியது. இன்னொன்று குட்டி லாரி. முன்னால் இரண்டு பேர் உட்கார ஒரு பலகை, அதற்கு மேலே கித்தான் துணியில் ஒரு முக்காடு. பின்னால் பலகை அடித்த திறந்த தொட்டி. அவ்வளவுதான் வண்டி.

மச்சான் வேனைச் சுற்றிவந்தார். கூரையைக் கையால் தட்டினார்.

"இன்னா மாப்ள இது, பொட்டியா? ஆள உள்ள வச்சு ஆணி அடிச்சா நேரா கல்லறைக்கே அனுப்பிடலாம் போலக் கீது."

"மச்சான், லூர்து ஒக்காந்து போவணும். அதுக்கு ஏத்த வண்டி இது."

"புளிய எங்க வைப்ப? மடியிலயா?"

"பின்னாடி சீட்டக் கழட்டிட்டு வச்சிக்கலாம்."

"அப்ப லூர்து எங்க ஒக்காரும்? புளி மேலயா?"

"ஞாயித்துக்கிழமைக்கு சீட்டு மாட்டிக்கலாம். திங்கக்கிழமை கழட்டிக்கலாம்."

"நீ ஸ்பானர் புடிச்சினு இருப்பியா, யாவாரம் பாப்பியா? தெனம் ஓட்டுற வண்டி மாப்ள இது. தேர் இல்ல."

"சரி, லாரியே வாங்கறோம்னு வையிங்க. மழை வந்தா?"

"நனையும்."

"வெயில் அடிச்சா?"

"காயும். கணக்கு நேராப் பூடுச்சா?"

ஏலம் விடுகிற சிப்பந்தி சிரித்தான். எனக்கு அவனையும் அடிக்கலாம் போலிருந்தது. காலையில் முடிவு செய்வோம் என்று சொல்லி மச்சானை இழுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் விடியற்காலை அங்கேயிருந்த கோயிலில் பூசைக்குப் போய், மூடு வேன் எங்களுக்கே விழ வேண்டும் என்று முழங்காலில் நின்று மனமுருகி வேண்டிக்கொண்டேன். மச்சானும் வழக்கம்போல வாசலுக்கு வெளியே நிற்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். பூசை முடிந்து வந்து பார்த்தால் ஆள் இல்லை. மைதானத்துக்கு ஓடினேன். குட்டி லாரியின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"ஏலத்த சீக்கிரமே ஆரம்பிச்சிட்டாங்க மாப்ள. நீ சாமி கும்புட்டுனு இருந்த. தொந்தரவு பண்ண வாணாம்னு வுட்டேன்."

அன்றைக்குத் தேவமாதா பேரிலேயே எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எதிரே எங்கள் மூடு வேனை ஒரு மரக் காண்ட்ராக்டர் எடுத்துக்கொண்டு போனார். அதன் ஜன்னல் கண்ணாடியில் காலை வெயில் பட்டு என் கண்ணில் அடித்தது.

அநியாயம் அதோடு நின்றதா? ஊருக்குத் திரும்பும் வழியில் ஆற்றங்கரை ஓரம் லாரியை நிறுத்தினார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, தலைக்கு மேல் இருந்த கித்தான் முக்காட்டையும் அறுத்தார். சுருட்டி என் மடியில் போட்டார். "இந்தா. கூரை வோணும்னு அழுதியே, வச்சிக்க" என்றார்.

வண்டியைப் பார்க்க லூர்து பாறை வரைக்கும் மெல்ல இறங்கி வந்தாள். அண்ணனையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். யார் பக்கம் பேசினாலும் சாயங்காலச் சாப்பாடு கெட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும். ரப்பர் பந்தை ஒருமுறை அழுத்தினாள். "ஹாரன் நல்லா கீதுங்க" என்றாள்.

வண்டியை மந்திரிக்கச் சுவாமியார் வந்தார். செபத்தைச் சொல்லித் தீர்த்தத்தை எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மச்சான் நகராமல் நின்று, "நீங்க சிரமப்பட வாணாம் சாமி, மேலேர்ந்தே தெளிச்சாச்சு" என்றார். சுவாமியாரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. என் ஒரே ஒரு நல்ல சட்டை நனைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் அன்றாட வாழ்க்கையைக் கேளுங்கள். பூசைக்குப் போகும்போது லூர்துவை முன்பலகையில் உட்கார வைத்து மேலே குடை பிடிப்பேன். வண்டி வேகம் எடுத்ததும் குடை மலர்ந்துவிடும். ஒருநாள் மலர்ந்த குடை என் கையை விட்டே கிளம்பிப் போய் ஒருத்தர் கம்பங்கொல்லையில் இறங்கியது. அதற்கு அவர் பறவை விரட்டும் காவல் வேலை கொடுத்துவிட்டார், திருப்பித் தரவில்லை. கீழூர்க் கலியாணம் ஒன்றுக்கு வரிசைத் தட்டுகளையும் ஆட்டுக்கடாக்களையும் ஒரே தொட்டியில் ஏற்றினார் மச்சான். போய்ச்சேர்ந்தபோது தட்டுப் பூமாலைகளில் நார்தான் இருந்தது. "ஆடு தின்னா இன்னா? அந்த ஆட்ட நாமதானே திங்கப்போறோம்" என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சமாதானம் சொன்னார்.

கோடை மழையில் ஒரு லோடு புளி முழுசாக நனைந்து போளூர் போய்ச்சேர்ந்தது. மண்டிக்காரர் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "வெட்டவெளியாரே, புளி கொண்டாந்தியா, ரசம் கொண்டாந்தியா?" என்று கேட்டார். மண்டி முழுக்கச் சிரித்தது.

அன்றே நான் கெட்டியான தார்ப்பாய் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் காலைச் செபம் முடிந்ததும் அடுத்த செபம் இதுதான்:

"தார்ப்பாய் போட்டீங்களா மச்சான்?"

"போட்டேன் மாப்ள."

அப்படியும் சரக்கு நனைந்தது. ஒருநாள் சந்தேகப்பட்டுத் தொட்டியில் ஏறிப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தார். மூட்டைக்கு அடியில் போட்டிருந்தார். கேட்டதற்கு, "மேல போடணும்னு நீ சொல்லவே இல்லியே" என்கிறார். பட்டாளத்தில் லாரி ஓட்டிய மனிதர் சொல்கிற பதில் இது. அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை.

லூர்துவுக்கு மாதம் ஏறிக்கொண்டே வந்தது. ஐப்பசி மழை, தலைக்கு மேல் ஒன்றும் இல்லாத லாரி, அதே பள்ளங்கள். "நாள் நெருங்கும்போது நான் காண்ட்ராக்டர் கால்ல வுழுந்தாவது அந்த வேனக் கேக்கப் போறேன்" என்றேன். மச்சான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாள் நெருங்குவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. மத்தியான நேரம். மச்சான் காலையிலேயே சாமை ஏற்றிக்கொண்டு போளூர் போயிருந்தார். நான் ஓடிப்போய்ச் சின்னாண்டியைக் கூப்பிட்டேன். சின்னாண்டி எங்களுக்குத் தேன் கொண்டுவருகிற மலைக்காரர், டோலி தூக்குவதில் முன்தோள் அவருடையது. நீள மூங்கிலில் கெட்டித் துணியைத் தூளியாகக் கட்டி, லூர்துவை அதில் படுக்க வைத்து, நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். மாற்றுத் தோளுக்குச் சிலர் கூட நடந்தார்கள்.

மலைக்காரர்களுக்கு டோலியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளை ஏற்றிவிட்டால், போய்ச்சேருகிற இடம் வரைக்கும் இறக்கக்கூடாது. நிற்கலாம், தோள் மாற்றலாம். நடுவழியில் டோலியைத் தரையில் வைத்தாலும், ஆளை அதிலிருந்து எடுத்தாலும், மண் தன் பங்கைக் கேட்கும் என்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள், எங்களுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தோள் அவர்களுடையது.

மொட்டைப்பாறைக்கு இறங்கினோம். அங்கே கீழே பாதையில் என்ன நின்றது தெரியுமா? அந்த மூடு வேன். நான் முழங்காலில் நின்று கேட்ட அதே வேன். காண்ட்ராக்டர் மரம் பார்க்க வந்திருந்தார். நல்ல மனிதர், நிலைமையைப் பார்த்ததும், "ஏத்துங்க, நானே கொண்டாந்து வுடுறேன்" என்று பின்கதவைத் திறந்தார். தேவமாதா கேட்டதைக் கொடுத்துவிட்டாள் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டோலியைக் கதவுக்கு நேராகக் கொண்டுபோனார்கள். மூங்கில் உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், போகவில்லை. முன்கண்ணாடியை உடைத்தால்தான் மூங்கிலுக்கு வழி.

"மூங்கில உருவிட்டு ஆள சீட்டுல தூக்கி வையிங்க" என்றேன்.

"எறக்க மாட்டோம் மொதலாளி" என்றார் சின்னாண்டி.

"நான் சொல்றேன், எறக்குங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"உங்களுக்கு ஆவாது. தங்கச்சிக்கு ஆனா நாங்க எந்த மூஞ்சிய வச்சினு மலையேறுறது?"

நான் கத்தினேன். என் வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. தூளிக்குள்ளேயிருந்து லூர்துவின் குரல் கேட்டது. "இன்னாங்க, என்ன எடுக்காதீங்க. கால மடக்க முடியலைங்க. இப்டியே வுடுங்க." தூளித் துணியை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சீட்டில் உட்கார வைக்க முடியாது. படுக்க வைக்கவும் அந்த சீட்டில் அகலம் இல்லை. மழை தூற ஆரம்பித்தது. மெத்தையும் கூரையும் கண்ணாடியுமாக வேன் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது, என் மனைவி அதற்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு முதல் குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது.

அப்போது கீழே வளைவில் எங்கள் ஹாரன் கேட்டது.

மச்சான் இறங்கக்கூட இல்லை. டோலியைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். லாரியைத் திருப்பிப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்து, பாறை விளிம்பில் இடிக்கிற மாதிரி நிறுத்தினார். பின்பலகையைத் தட்டி விட்டார். அது பாறை மேல் படிந்தது. தொட்டியும் பாறையும் ஒரே மட்டம்.

"நடந்து வா சின்னாண்டி. இதுவும் பாறைதான்னு வச்சிக்க."

நான்கு பேரும் டோலியோடு மறுபடி பாறை மேல் ஏறி அப்படியே லாரிக்குள் நடந்தார்கள். மாற்றுத் தோள்காரர்கள் ஏறி அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். தூளி தொங்கியபடியே இருந்தது.

"எறக்கலியே?" என்றார் மச்சான்.

"எறக்கல" என்றார் சின்னாண்டி.

மழை வலுத்தது. "தார்ப்பாய் எங்க மச்சான்?" என்று அலறினேன். அவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து அதை உருவினார். மடித்து மெத்தையாகப் போட்டு இத்தனை நாளும் அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். அதற்கு அன்றைக்குத் திட்ட எனக்கு நேரம் இல்லை. மச்சான் தொட்டியில் ஏறினார். தார்ப்பாயை விரித்து மூங்கிலின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துப் பலகையில் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. உள்ளே குனிந்து தங்கையைப் பார்த்தார். "மேல மூடிட்டேன்மா. பயப்படாத, நான் வெளியதான் கீறேன்" என்றார். தன் கையால் அவர் போட்ட கூரை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

காண்ட்ராக்டர் ஹாரன் அடித்து வழி விலக்கிக்கொண்டு முன்னால் போனார். என் மூடு வேன், உள்ளே ஈரம் படாமல், காலியாக, எங்களுக்கு முன்னால் ஓடுகிறது. பின்னால் திறந்த லாரியில் நாங்கள் அத்தனை பேரும் மழையில் நின்றுகொண்டு போகிறோம். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நான் தூளியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் செபமாலை சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் சின்னாண்டியும் ஆட்களும் ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் "ஆமென் சேசு" சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளம் வந்தது. அதே பள்ளங்கள். லாரி விழுந்து எழுந்தது. தூக்கியவர்கள் முழங்காலை மடக்கி வாங்கிக்கொண்டார்கள். தூளி லேசாக ஆடியது, அவ்வளவுதான். தார்ப்பாய்க்குள் கையை விட்டேன். லூர்து என் கையைப் பிடித்தாள். கடைசிப் பள்ளம் தாண்டியும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

போளூர் ஆஸ்பத்திரிப் படியில் லாரியின் பின்பக்கத்தைச் சேர்த்தார். டோலி தரையைத் தொடாமல் உள்ளே போயிற்று. விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. அந்த அழுகையைக் கேட்க நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று என் சேசுவுக்குத் தெரியும்.

மச்சானைத் தேடினேன். மழையில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மச்சான், கொழந்தைய வந்து பாருங்க."

"சன்னல்ல காட்டு மாப்ள."

எனக்கு எங்கேயிருந்து வந்ததோ அந்தக் கோபம். "இன்னிக்காவது உள்ள வரக்கூடாதா? கூரை இன்னா உங்க தலையிலயா வுழப்போவுது?"

அவர் முகத்தை வழித்துத் தண்ணீரை உதறினார். "வுழாதுன்னு யார் சொன்னது? எல்லாரும் உள்ளயே பூந்துனா, வுழுந்தா வெளியேர்ந்து தூக்கிவுட ஒரு ஆள் வோணாமா?"

திட்டிக்கொண்டே உள்ளே போய்க் குழந்தையை வாங்கி ஜன்னலில் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "தொண்ட நல்லாக் கீது. நம்ம ஹாரன் மாதிரி" என்றார்.

இவ்வளவுக்கும் பிறகு நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தினப்படி குடும்பத்துக்கு மூடு வண்டிதான் வண்டி. அன்றைக்கு அந்த மூங்கில் கொஞ்சம் குட்டையாக இருந்திருந்தால் வேனிலேயே போயிருக்கலாம். இதை மச்சானிடமும் சொன்னேன். "குட்டையா இருந்தா டோலிய எங்க கட்டுவ? உன் கழுத்துலயா?" என்றார். அடுத்த வாரமே தார்ப்பாய் பழையபடி அவருக்கு அடியில் போய்விட்டது. சாமை நனைந்தது. நானும் பழையபடி கத்தினேன்.

அவர் போனதும் அவருடைய வழக்கப்படியேதான். ஒரு கோடையில் பாறை மேல் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள்கூட என்னோடு சண்டை. பாதிச் சண்டையில் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர். மீதிச் சண்டையை நான் யாரோடு போடுவது? பூசைக்குக் கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பார்க்க அவர் அங்கே நுழைந்தது அன்றைக்குத்தான். நான் மட்டும் வெளியே நின்றுகொண்டேன், ஒரு ஆள் வேண்டுமே.

லாரியை விற்றுவிட்டோம். இப்போது என்னிடம் இருப்பது மூடு வேன். நான்கு கதவு, கண்ணாடி ஜன்னல், மெத்தை சீட்டு. லூர்துவும் மகளும் நானும் ஒரு பொட்டு ஈரம் படாமல் பூசைக்குப் போய் வருகிறோம். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஆனால் பூசை நடுவில் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு உள்ளே இருப்புக்கொள்வதில்லை. எழுந்து வெளியே போகிறேன். கொடிமரத்துப் பக்கத்தில், இப்போது புல் முளைத்துவிட்ட அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தலை சொட்டச் சொட்டத் திரும்பி வருகிறேன்.

"எங்கங்க போய்ட்டு வர்றீங்க?" என்று லூர்து தணிந்த குரலில் கேட்பாள்.

"வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுட்டு வர்றேன்" என்பேன்.

மூடு வண்டிக்கு எதற்குத் தார்ப்பாய் என்று இதுவரை அவள் கேட்டதில்லை.